காக்கையின் மூக்கு

தொடாதீங்க என்கிற வார்த்தையை இன்றைக்கு ஒருநாள் வீட்டிலேயே வைத்துவிட்டு வாங்க அஞ்சுகம்மா என்று நேற்றே சொல்லிவிட்டார் காப்பாட்சியர். அவருக்கென்ன, வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நான் இருபத்திரண்டு வருடமாக இந்தக் கல் சிற்பக் கூடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தூக்கத்தில்கூடச் சொல்வதாக மகள் கேலி செய்வாள். காலையில் பேருந்தில் முன் சீட்டுக் குழந்தை சன்னல் கம்பியைப் பிடித்தபோதே வாய்வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். இப்போது மணி பத்தே கால். வெளியே புல்வெளியில் மைக்செட்காரன் ஹலோ ஹலோ என்று தொண்டையைக் கிழித்துக்கொண்டிருக்கிறான். அருங்காட்சியக தினம். வேப்பமரத்தடியில் கோலப்போட்டி, பறவைக் கூடத்து வாசலில் களிமண் பொம்மை செய்யப் பழக்குகிறார்கள், பதினொன்றரைக்குக் கரகாட்டம், சாயங்காலம் பரிசளிப்பு. எல்லாக் கூடத்திலும் திருவிழா, என் கூடத்தில் மட்டும் பரீட்சை. வாசலில் தொட்டுப் பார்க்கலாம் வாங்க என்று துணி கட்டியிருக்கிறார்கள். நந்தி, தலையில்லாத சமணர், அப்புறம் அவள், மூன்று பேருக்கும் முன்னால் இருந்த கயிற்றை எடுத்தாயிற்று. மேஜைமேல் சோப்பு, பக்கெட்டில் தண்ணீர், துண்டு. மோதிரம் வளையல் கழற்றிவைக்க ஒரு தட்டு. பார்வையில்லாதவர்கள் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், கையால் பார்ப்பார்கள். பார்க்கட்டும், நல்ல காரியம்தான், வேண்டாமென்று யார் சொன்னது. ஆனாலும் காலையில் அரை இட்லி இறங்கவில்லை. வருகிற முப்பத்தொன்றாம் தேதி எனக்குப் பணி ஓய்வு. இந்தக் கூத்தை ஜூன் மாதத்தில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா இவர்கள்.

அவளைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன். போன வாரம் காப்பாட்சியர் அறை வாசலில் நின்று, சார், நந்தி இருக்கட்டும், சமணர் இருக்கட்டும், அந்தம்மா மட்டும் வேணாம் சார் என்றேன். அவர் சிரித்தார். இளம்பரிதி என்று பெயர், என் மகள் வயசு, சிரித்தால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருப்பார். "நீங்களுமா அஞ்சுகம்மா? இத்தனை வருஷம் பக்கத்துலயே உக்காந்துட்டு, மூதேவின்னு பயப்படறீங்களா?" அவருக்கு நான் என்ன சொல்ல. பயம்தான், ஆனால் அந்தப் பயம் இல்லை. அவளைப் பார்த்து நான் ஏன் பயப்பட வேண்டும். பலகையில் தவ்வை என்று போட்டிருக்கிறது. லட்சுமிக்கு அக்கா. பெருத்த வயிறும் தொங்கின மார்புமாகக் காலை அகட்டி உட்கார்ந்திருப்பாள், ஒரு பக்கம் மாட்டுமுகத்தோடு மகன், இன்னொரு பக்கம் மகள், தோளுக்கு மேலே காக்கைக் கொடி. ஒரு காலத்தில் கும்பிட்ட சாமி, பிறகு ஏரிக்கரையில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஊரில் யாரையாவது திட்ட வேண்டுமென்றால் இவள் பெயர்தான் வாயில் வருகிறது. புதுசாகக் கல்யாணமானவர்கள் இவள் பக்கம் வந்தால் எட்டி நடை போடுவார்கள். நாணயக் கூடத்து ஜெயசீலன் டீ வாங்கப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, "என்னக்கா, உங்க அக்கா சௌக்கியமா?" என்பான். சௌக்கியம்தான்டா, உன்னைத்தான் விசாரிச்சா என்பேன். வெள்ளிக்கிழமை விடுமுறை நாளில் பிரஷ்ஷால் தூசி தட்டும்போது அவளிடம் நாலு வார்த்தை பேசுவேன். பிரஷ்ஷால்தான். வெறுங்கை பட்டதில்லை, ஒருநாள்கூட. இதே வேலை பார்த்து இதே கூடத்தில் மாரடைப்பில் விழுந்த என் வீட்டுக்காரர், உயிரோடு இருந்தபோது, கை வியர்வை கல்லுக்கு ஆகாது என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். அவர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள், அந்தப் பேச்சும் கூடவே வந்துவிட்டது. அதனால்தான் எனக்குத் தெரியவே தெரியாது, அந்தக் காக்கையின் மூக்கு இருந்த இடம் விரலுக்கு எப்படி இருக்கும் என்று.

காக்கைக்கு மூக்கில்லை. கட்டைவிரல் நகம் அளவுதான் போயிருக்கிறது. அந்த நகம் அளவு என்னை ஒன்பது வருடமாகத் தின்கிறது. ஏழு நிமிடம். பாரம்பரிய வாரம், நவம்பர் மாதம், கூடம் நிறையப் பிள்ளைகள், நீலப் பாவாடைச் சீருடை. பெண்களுக்கான கழிப்பறை பறவைக் கூடத்துக்குப் பின்னால் இருக்கிறது, சாவி அலுவலகத்தில் ஆணியில் தொங்கும். மாற்றுக்கு ஆள் வந்த பிறகுதான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்பது விதி. விதி எழுதினவனுக்கு அந்த உபத்திரவம் என்ன தெரியும். ஆள் கேட்டு அரை மணி ஆயிற்று, வரவில்லை, போய்விட்டேன். போக இரண்டு, வர இரண்டு, அங்கே இரண்டு. ஆறு ஆயிற்றா. இன்னொன்று. அந்த ஒன்றில்தான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். திரும்பி வரும்போது புல்வெளியில் கரகாட்டம், ஒரு பெண் தலையில் கரகத்தோடு ஏணிமேல் ஏறிக்கொண்டிருந்தாள். பம்பை அடிக்கிறவன் குனிந்து நிமிர்ந்து அடிக்கிறான். ஏறிவிடுவாளா என்று பார்க்க நின்றேன். ஒரு நிமிடம். ஆறு நிமிடம் உடம்பு கேட்டது, அதற்கு யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது, சாமியேகூட. ஏழாவது நிமிடம் என் ஆசை. கூடத்துக்கு வந்தபோது ஒரு சிறுமி கயிற்றைத் தாண்டி எம்பி நின்று காக்கையிடம் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். இரட்டைச் சடை, ஒரு சடையில் ரிப்பன் அவிழ்ந்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பியது, அவள் முகம் கோணி அழுதுவிட்டது. அவள் கையில் ஒன்றுமில்லை. தரையில் குனிந்து தேடினேன், துணுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் காக்கைக்கு மூக்கில்லை. அதற்கு முன்னால் இருந்ததா? அதுதானே கேள்வி. தினமும் பார்க்கிற முகத்தில் எதை நாம் பார்க்கிறோம், பதிமூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும் மூக்கு இருந்ததா இல்லையா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அப்போதிருந்த காப்பாட்சியர், இப்போது ஓய்வுபெற்றுப் போய்விட்டார், அவர் பதிவேட்டைக் கொண்டுவந்தார், அதில் ஒட்டியிருந்த கறுப்புவெள்ளைப் படத்தில் மூக்கு இருந்தது. கூர்மையாக, நன்றாகவே தெரிந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றே படத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்கள். விசாரணை முடிந்தது. யார் செய்தது, எந்தப் பிள்ளை, அடையாளம் சொல்லுங்க, பள்ளிக்கு எழுதிடுவோம் என்றார். ரிப்பன் அவிழ்ந்த சடை என் கண்ணிலேயே நின்றது. யாரையும் பார்க்கலை சார் என்றேன். என்னுடைய கவனக்குறைவால் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதம் என் பணிப்பதிவேட்டில் இருக்கிறது, நான் போன பிறகும் இருக்கும். ஏன் அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கவில்லை? நல்ல மனசு என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் எனக்குத் தெரியும், நான் அந்தப் பெண் ஏணி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள். அந்தச் சிறுமியைக் காட்டிக்கொடுக்கவில்லையே தவிர மனசுக்குள் விட்டேனா? இல்லை. நீலப் பாவாடை எது வந்தாலும் முறைத்தேன். அவள்தான் உடைத்தாள், நான்தான் விட்டேன், இதுதான் ஒன்பது வருடம். இன்றைக்கு விரல்கள் வருகின்றன. கண்ணை ஏமாற்றலாம். விரல் தொட்டவுடன் இது புது உடைசல் என்று சொல்லிவிடும், எல்லார் முன்னாலும், மைக்கில்லாமலே.

வந்துவிட்டார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து, கோல்கள் தரையில் டக் டக்கென்று. முன்னால் காப்பாட்சியர் பின்பக்கமாக நடந்து வருகிறார், படி இருக்கு, மூணு படி என்று சொல்லிக்கொண்டே. முதல் ஆள் ஒரு அம்மாள், ஐம்பது இருக்கும், ஊதா நிற காட்டன் புடவை, தோளில் ஜோல்னா பை. பிலோமினா டீச்சர் என்றார் காப்பாட்சியர், விரலால் தடவிப் படிக்கிற பிரெய்ல் புள்ளி எழுத்தைச் சொல்லித்தருகிறவர். தண்ணீர் இருக்கிற இடத்தை நான் காட்டப்போக, "காட்டாதீங்கம்மா, சொல்லுங்க" என்றார். வலது கைப் பக்கம் டீச்சர், இடுப்பு உயரத்துக்கு மேஜை. கை கழுவினார், வளையலைக் கழற்றித் தட்டில் போட்டார், நந்தியிடம் போனார். எல்லாரும் நந்தியைச் சூழ்ந்துகொண்டார்கள். கொம்பு, காது, கழுத்துச் சலங்கை. ஒருவர் திமிலைத் தடவிக்கொண்டே, "எங்க ஊர்ல இருந்த காளைக்கு இதே அளவு" என்கிறார். பன்னிரண்டு ஜோடிக் கை என் நந்திமேல். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, ஆனாலும் பாருங்கள், யாரோ வாலைப் பிடித்த நொடியில் தொடா என்று பாதி வெளியே வந்துவிட்டது. எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள். காப்பாட்சியர் என்னைப் பார்த்தார். தரை பிளந்தால் இறங்கிவிடலாம். டீச்சர்தான் முதலில் சிரித்தார். "பழக்கம் விடுமா? எங்களுக்கும் சின்ன வயசுலேர்ந்து எங்க போனாலும் இதான் சொன்னாங்க. இன்னொரு தடவை சொல்லுங்க, சொல்லச் சொல்லத் தொடறோம்." கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன். சமணரிடம் போனார்கள். தலை எங்கே என்று தேடிய ஒரு கை கழுத்தோடு நின்று, அடப்பாவமே என்றது. வெளியே நையாண்டி மேளம் ஆரம்பித்துவிட்டது, பதினொன்றரை ஆகிவிட்டதா, பம்பை அப்படியே அன்றைக்குப் போலவே அடிக்கிறது, குனிந்து நிமிர்ந்துதான் அடிக்கிறானோ என்னவோ. அடுத்தது அவள்.

டீச்சர் கீழிருந்து ஆரம்பித்தார். பீடத்தில் விரலை ஓட்டியவர் இடது மூலையில் நின்றுவிட்டார். "இங்க உடைஞ்சிருக்கு. இது புதுசு" என்றார். புதுசு என்று சொல்லிவிட்டார், முடிந்தது, இல்லை, இது பீடம், இது காக்கை இல்லை. காப்பாட்சியர், "அது இங்க கொண்டுவரும்போது கடப்பாரை பட்டது டீச்சர். நாற்பது வருஷம் ஆச்சு, பதிவேட்டுலயே எழுதியிருக்கு" என்றார். "நாற்பது வருஷம்தானா? கல்லுக்கு அது நேத்து மாதிரி. சொரசொரன்னு விரலைக் கடிக்குது பாருங்க." விரல்கள் மேலே ஏறின. முழங்கால், வயிறு. வயிற்றில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு, "நல்லா உக்காந்திருக்கா, மகராசி" என்றார். இவளை யாரும் மகராசி என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாட்டுமுக மகன், மகள், தோள். நாற்பது வருடத்து உடைசலே இப்படிக் கடிக்கிறது என்றால் ஒன்பது வருடத்து உடைசல் கத்தியாக அல்லவா இருக்கும். ஓடிவிடலாமா, கழிப்பறைச் சாவி ஆணியில்தான் தொங்குகிறது. இல்லை, இன்றைக்கு ஸ்டூலை விட்டு நகரமாட்டேன், என்ன வந்தாலும் இங்கேயே நின்று கேட்டுக்கொள்வேன். ரிப்பன், ரிப்பன். கொடிக்கம்பில் விரல் ஏறுகிறது. "இது என்ன, கோழியா?" காக்கை டீச்சர் என்று யாரோ சொன்னார்கள், நான்தான் சொன்னேன். "காக்கைன்னா மூக்கு எங்க?" போய்விட்டது என்றேன். விரல் நுனி அங்கே நின்றது. சுற்றியது, மறுபடி சுற்றியது. பம்பை நின்றுவிட்ட மாதிரி இருந்தது. "எப்பப் போச்சு?" ஒன்பது வருஷம் ஆச்சு டீச்சர் என்றேன், சொல்லிவிட்டேன், இனிமேல் என்ன. டீச்சர் தலையை ஆட்டினார். "யார் சொன்னது? இல்லவே இல்ல."

என்ன சொல்கிறார் என்று எனக்கு உடனே ஏறவில்லை. இல்லை என்றால் எது இல்லை. டீச்சர் பொறுமையாக, பிள்ளைக்குப் பாடம் நடத்துகிற குரலில் சொன்னார். "முனை மழுங்கிப் போயிருக்கும்மா. சோப்புக்கட்டி மாதிரி வழவழன்னு இருக்கு. கீழ அந்த நாற்பது வருஷத்து உடைசல் இன்னும் கடிக்குது, இது கடிக்கவே இல்ல. எங்க பள்ளிக்கூடத்துல பழைய பிரெய்ல் புஸ்தகம் இருக்கு, எத்தனையோ கை ஓடித் தேய்ஞ்ச புள்ளி. புதுசாக் குத்தின புள்ளி எது, தேய்ஞ்சது எதுன்னு எனக்குத் தெரியாதா? இந்த மூக்கு போயி நூறு வருஷத்துக்கு மேல இருக்கும். மழை தேய்ச்சிருக்கு, தண்ணி தேய்ச்சிருக்கு, யாரோ கும்பிட்டுத் தொட்டும் தேய்ச்சிருக்காங்க." காப்பாட்சியர் கையைக் கழுவிக்கொண்டு வந்து பீடத்தைத் தொட்டார், காக்கையைத் தொட்டார், மறுபடி பீடத்தைத் தொட்டார். அலுவலகத்துக்கு ஓடினார், பதிவேட்டோடு வந்தார். படத்தில் மூக்கு அப்படியே இருக்கிறது, கூர்மையாக. செல்போன் விளக்கைப் போட்டு இடது பக்கமாகத் தூக்கிப் பிடித்தார். காக்கைத் தலையின் நிழல் பின்கல்லில் விழுந்து நீண்டது, மூக்கு முளைத்தது. விளக்கை அணைத்தார், மூக்கு போய்விட்டது. நிழல்! படத்தில் மூக்காகத் தெரிந்தது இந்த நிழல்தான். ஒரு நிழலுக்காகவா என் கையெழுத்து, ஒரு நிழலுக்காகவா ஒன்பது வருடம். அன்றைக்குக் கயிற்றைத் தாண்டி ஒரு கை, யாருடைய கையாவது, இரண்டு அடி உள்ளே போயிருந்தால் தெரிந்திருக்கும். யாரும் தொடவில்லை, தொடக்கூடாது என்று எழுதியிருக்கிறதே, தொடாதீங்க என்று நான்தானே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். டீச்சர், "உங்க விரலைக் குடுங்க" என்றார். கழுவவில்லை டீச்சர் என்றேன். "பரவால்ல, குடுங்க." என் விரலைப் பிடித்துக் காக்கையின் முகத்தில் வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. வழவழவென்று இருந்தது, குளிர்ச்சியாக இருந்தது, கடிக்கவில்லை. அழுதுவிட்டேன். வெட்கமாயில்லை. ரிப்பன் அவிழ்ந்த பிள்ளையே, நீ உடைக்கவில்லையடி, உன் கையில் ஒன்றுமில்லை என்று என் கண் பார்த்தது, நான்தான் என் கண்ணை நம்பவில்லை. இப்போது நீ கல்லூரிக்குப் போய்க்கொண்டிருப்பாய். உன்னை ஒன்பது வருடம் மனசுக்குள் நிற்கவைத்து முறைத்திருக்கிறேன், என்னை மன்னித்துவிடு, உன்மேல் போட்ட அந்தச் சத்தத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

காப்பாட்சியர், "நான் பாத்துக்கறேன் அஞ்சுகம்மா, அடுத்த வாரம் ஃபைலைப் பாத்து ஆவன செய்யறேன்" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். அடுத்த வாரமாவது, ஆவன செய்வதாவது, இருபத்திரண்டு வருடம் அரசாங்கத்தில் இருக்கிறவளுக்குத் தெரியாதா ஆவன செய்வது எங்கே போய் முடியும் என்று. இப்பவே சார் என்றேன். அவர் முகத்துக்கு நேராக இப்படிப் பேசியதில்லை, யார் முகத்துக்கும் பேசியதில்லை. என்னைக் குத்தம்னு சொன்னது எழுத்துல இருக்கு, இல்லைங்கறதும் எழுத்துல வேணும், இன்னைக்கே வேணும் என்றேன். டீச்சர் தன் ஜோல்னா பையைத் திறந்தார். "நான் எழுதித் தரேன், தொட்டுப் பாத்தவ நான்தானே." தடித்த காகிதத்தைச் சட்டத்தில் மாட்டினார், ஊசிபோல ஒன்றை எடுத்தார், டக் டக் டக்கென்று குத்த ஆரம்பித்தார். குத்திக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார், காக்கையின் மூக்கு உடைந்தது மிகப் பழைய காலத்தில், இந்தக் கூடத்தில் யாரும் உடைக்கவில்லை, காவலர் அஞ்சுகம் மேல் தவறு இல்லை, தொட்டுப் பார்த்து எழுதியது பிலோமினா. காப்பாட்சியர் கையை நீட்டினார். அந்தக் காகிதத்தை வாங்கி, புள்ளி வரிகளுக்குக் கீழே தமிழில் அதையே எழுதினார். நானும் தொட்டுப் பார்த்து உறுதி செய்தேன், பழைய பதிவு நிழலைப் பார்த்து எழுதப்பட்டது, பணிப்பதிவேட்டில் சேர்க்க என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஜெயசீலனைக் கூப்பிட்டு முத்திரை கொண்டுவரச் சொல்லி, வட்ட முத்திரை குத்தினார். காப்பாட்சியர் நல்ல பையன், ஃபைலுக்குப் பயப்படுகிறான் என்று நினைத்தது என் தப்பு. ஜெயசீலன் ஒன்றும் புரியாமல் என்னையும் அவளையும் பார்த்து, "என்னக்கா, உங்க அக்கா என்ன குடுத்தா?" என்றான். என் பேரைக் குடுத்தாடா என்றேன். காகிதத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட எனக்குப் படிக்கத் தெரியாது, எல்லாப் புள்ளியும் விரலைக் கடித்தன, புதுசு, அத்தனையும் புதுசு.

அவர்கள் இன்னும் அவளைச் சுற்றித்தான் நிற்கிறார்கள், நந்திக்கு இல்லாத கூட்டம். வெளியே பம்பையும் தவிலும் ஒன்றாக ஏறுகின்றன, ஏணி கொண்டுவந்துவிட்டார்கள் என்று அந்த அடியிலேயே தெரிகிறது. ஸ்டூல் பக்கம் வந்தேன். சார், மாற்றுக்கு ஆள் வேணும், கொஞ்ச நேரம் நிக்கறீங்களா என்று கேட்டேன். காப்பாட்சியர் என் ஸ்டூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்ட்டு வாங்கம்மா என்று சொல்லி உட்கார்ந்தேவிட்டார். கால் அவருக்கு எட்டவில்லை, நான் உயரம். வாசல் தாண்டும்போது யாரோ ஒருவர் புதுசாக உள்ளே வந்து தவ்வையிடம் கையை நீட்ட, "கை கழுவிட்டுத் தொடுங்க சார்" என்று காப்பாட்சியர் அதட்டுகிற சத்தம் கேட்டது, பரவாயில்லை, தேறிவிடுவார். வெயில் சுளீரென்று இருந்தது. காகிதத்தை மடிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் இடித்துப் புகுந்து முன்வரிசைக்கே போய்விட்டேன். ஏணியில் இரண்டாவது படியில் நிற்கிறாள், வேறு பெண், இளசு, கரகத்தில் கிளி ஆடுகிறது. பம்பைக்காரன் குனிந்து நிமிர்ந்து அடிக்கிறான். ஏறு தாயே, ஏறு என்று நான்தான் முதலில் கத்தினேன். மூன்றாவது படி. நாலாவது படி. ஒரு நிமிடம் ஆகியிருக்கும், ஏழும் ஆகியிருக்கும், நான் மணி பார்க்கவில்லை.